கடல் கடந்து போகும் நம் பிள்ளைகள்

(ஜூபிலி விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இவ்விழாவுக்காகப் பிரான்சிலிருந்து விடுப்பெடுத்து வந்திருக்கும் நம் பங்குப் பிள்ளைகளை முதற்கண் வாழ்த்துகிறோம். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்களைப் பார்த்துப் பின்வரிசை இளைஞர்கள் கனவு காண்கிறார்கள். ஆகவே அந்தக் கனவைப் பற்றியே இன்று பேச நினைத்தோம்.

கப்பலேறுவது காரைக்காலுக்குப் புதிதன்று. மாங்கனித் திருவிழாக் கதையிலேயே பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு குடும்பம் கண்டான். 1853-ல் மர்த்தினிக்கிற்கும் 1854-ல் குவாதலூப்பிற்கும் கரும்புத் தோட்ட வேலைக்கென நம் மக்களை ஏற்றிய கப்பல்கள் பிரெஞ்சிந்தியக் கரையிலிருந்து போய்ச் சேர்ந்தன. ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள், திரும்பாதவர் பலர். பின்னர் 1881-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரெஞ்சுச் சட்டத்தையும் குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொண்டவர்களில் பலர் சைகோனில் உத்தியோகம் பார்த்தார்கள். சொல்தாவாகப் போனவர்களும் உண்டு.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறிற்று. 1962 ஆகஸ்ட் 16-ல் உடன்படிக்கை சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதித்தர வேண்டும் என்றார்கள். அந்த ஒரு கையெழுத்து, ஒரே வீட்டில் அண்ணனைப் பிரெஞ்சுக்காரராகவும் தம்பியை இந்தியராகவும் ஆக்கியது. அண்ணன் வீட்டுப் பேரனுக்குக் கல்யாணச் சந்தையில் இன்றும் தனி விலை. இது நமக்கு வெட்கம் என்பதைச் சொல்லாமல் விட மாட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞன் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்தான். "தனியாகப் போகிறாயே தம்பி, அங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டோம். "போய்ச் சேர்ந்தால் போதும் சாமி" என்றான். மூன்றாண்டு கழித்துத் தகப்பனார் நினைவுத் திருப்பலிக்கு வந்தவன், பூசை முடிந்தும் போகவில்லை. உணவு விடுதி ஒன்றில் இரவெல்லாம் பாத்திரம் கழுவியதையும், ஒரே அறையில் ஐந்து பேர் முறைவைத்துத் தூங்கியதையும், குளிர்காலக் காய்ச்சலில் நான்கு நாள் யாரோடும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்ததையும் சொன்னான். அம்மாவுக்கு அனுப்பியதோ ஈபெல் கோபுரத்தடியில் சிரிக்கும் படம். அந்த அம்மாளோ, அவன் பயணக் கடனுக்கு வட்டி கட்டச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, தொலைபேசியில் "நாங்க நல்லாயிருக்கோம்ப்பா" என்று சொல்லிவந்தார். இருவரும் தனித்தனியே நம்மிடம் அழுதார்கள். ஒருவரிடம் மற்றவர் அழவில்லை.

ஆபிரகாம் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது சாராளும் லோத்தும் உடன் போனார்கள். நம் பிள்ளை ஒரு பெட்டியோடு மட்டும் போகிறான். இப்போது பெண்பிள்ளைகளும் அப்படியே போகிறார்கள்.

போவதைத் தடுக்கமாட்டோம். புறப்படுமுன் நாலு வார்த்தை பிரெஞ்சு படித்துக்கொள்ளுங்கள். சொல்லித்தரத் தெரிந்த பெரியவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோரே, "எப்போது பணம் அனுப்புவாய்?" என்பதற்கு முன் "சாப்பிட்டாயா, யாரோடு இருக்கிறாய்?" என்று கேளுங்கள். அவன் முடியவில்லை என்று சொன்னால், "திரும்பி வா" என்று சொல்லத் தயங்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்கிறீர்கள். ஊர் என்பது இங்கே அமர்ந்திருக்கும் நாம்தானே!

லா ஷப்பேலிலிருந்தும் சார்செல்லிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பங்கு இல்லத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். புதிதாக வரும் பிள்ளையை ஒரு ஞாயிறு உங்கள் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட முடியும் என்றால், உங்கள் விலாசத்தையும் தொலைபேசி எண்ணையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள். பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.