வயலும் வளியும்



ஐப்பசி பிறந்ததும் தில்லிவாழ் தமிழராகிய நாம் சாளரங்களை அடைத்துக்கொள்கின்றோம். வானை மூடும் புகைக்கு வண்டிகளும் ஆலைகளும் காரணமே; எனினும், பஞ்சாபிலும் அரியானாவிலும் எரியும் நெல்தாளுக்கும் அதில் பங்குண்டு. உழவரைப் பழிக்குமுன் அத்தீயின் வரலாற்றை நாம் அறிதல் வேண்டும்.

நாடு பசித்திருந்த 1966-ஆம் ஆண்டில், உணவமைச்சர் சி. சுப்பிரமணியம் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வருவித்தார். எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிஞர் துணைநின்றனர். விளைச்சல் பெருகிற்று. பின்னர், அரசுக் கொள்முதல் உறுதியானமையால், மக்காச்சோளமும் பயறும் விளைந்த பஞ்சாப் வயல்களில் நெல் பரவியது. அந்நெல்லில் பெரும்பகுதி நாட்டின் பொதுக் களஞ்சியத்துக்கே சென்றது.

இலவச மின்சாரம் நீரிறைப்பைப் பெருக்க, நிலத்தடி நீர் தாழ்ந்தது. அதனைக் காக்க 2009-இல் பஞ்சாபில் வந்த சட்டம், ஜூன் 10-க்கு முன் நடவு கூடாதென்றது. நடவு தள்ளவே அறுவடையும் தள்ளிற்று. கோதுமை விதைப்புக்குச் சில வாரங்களே எஞ்சின. அறுவடை இயந்திரம் விட்டுச்செல்லும் தாளை அகற்ற நெருப்பே மலிவான வழியாயிற்று. காற்று அடங்கும் பருவமாதலின் புகையும் தேங்குகிறது.

நீரைக் காக்க வந்த சட்டமே காற்றைக் கெடுக்கவும் துணையாயிற்று! நிலம், நீர், காற்று, விலை இவற்றுள் ஒன்றைத் தனியே திருத்துதல் இயலாது. உழவரைத் தண்டிப்பது மட்டும் தீர்வன்று. பயறுக்கும் சிறுதானியத்துக்கும் நெல்லுக்குள்ளதுபோன்ற உறுதியான கொள்முதல் வேண்டும். நம் உணவிலும் அவை இடம்பெறல் வேண்டும். நம் குழந்தைகளின் மூச்சும் உழவரின் வாழ்வும் ஒருங்கே காக்கப்படுவனவாக.