நம் பங்கின் மூத்த தாய்
(முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலியில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி கொண்டாடும் இந்த ஆண்டில், இப்பங்கை வளர்த்தவர்கள் யார் என்று அடிக்கடி கேட்டுக்கொள்கிறோம். பொருளுதவி செய்தோரின் பெயர்கள் கல்வெட்டில் இருக்கின்றன. கல்வெட்டில் இடம்பெறாத ஒரு தாயை நினைவுகூர இன்று கூடியிருக்கிறோம். தொண்ணூறு வயதைக் கடந்து, சென்ற மாதம் ஆண்டவரில் துயில்கொண்ட அவரை நம்மில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. சிறியோர், பெரியோர், குருக்கள், கன்னியர் எல்லாருக்கும் அவர் 'ஆயா'தான். இங்கும் அப்படியே அழைப்போம்.

ஆயா பிறந்தது பழவேற்காட்டுப் பக்கம். போர்த்துக்கீசியர் காலத்தில், 1515-இல் தோன்றிய மகிமை மாதா ஆலயத்தின் மணியோசையில் வளர்ந்தவர். மணமாகி இந்தப் பக்கம் வந்தபோது, கும்மிடிப்பூண்டியில் இன்று நாம் காணும் சிப்காட் ஆலைகள் இல்லை. வயலும் ஏரியும் பனைமரமும்தான். ஞாயிறு பூசை காணப் பல மைல் நடக்க வேண்டும். விடியுமுன் பிள்ளைகளை எழுப்பி, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாக அழைத்து வருவாராம். நற்கருணை உபவாசத்தை 1964-இல் திருச்சபை ஒரு மணி நேரமாகக் குறைத்தது. ஆயா மட்டும் குறைக்கவில்லை. அதுவரை லத்தீனில் நடந்த பூசை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் தமிழில் வந்தது. அதை முதன்முறை கேட்ட நாளைப் பற்றி, "இத்தினி நாளு மாதா கிட்ட மட்டும் பேசினு இருந்தேன், அன்னிக்குத்தான் சாமி பேசறதும் புரிஞ்சுது" என்று நம்மிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

ஆலைகள் வந்தன. தெற்கத்திச் சீமையிலிருந்து குடும்பங்கள் வந்தன. கடல் கடந்து வந்த ஈழத்து உறவுகள் முகாமில் குடியேறினர். இப்போது ஜார்க்கண்ட், ஒடிசாவிலிருந்தும் இளைஞர்கள் வேலைக்கு வந்து நம்மோடு திருப்பலியில் முழந்தாளிடுகிறார்கள். புதிதாய் ஒரு முகம் தெரிந்தால், பூசை முடிந்ததும் ஆயா அவர் கையைப் பிடித்துக்கொள்வார். மொழி தெரியாது, "சாப்ட்டியா?" என்பார். அது எல்லாருக்கும் புரிந்தது.

ஒரு நிகழ்ச்சியை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு மறையுரையில், மாலை ஏழு மணிக்குக் குடும்ப செபமாலை சொல்லாத வீடுகளை நாம் கடுமையாகக் கண்டித்தோம். பூசை முடிந்து திருவுடைகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஆயா வாசலில் வந்து நின்றார். "ஏஞ்சாமி, எம் புள்ள ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு வூட்டுக்கு வர்றப்போ மணி பத்தரை ஆவுது. அந்நேரத்துக்கு மாதா தூங்கிப் போவாங்களா?" என்று கேட்டார்.

பிறகுதான் நமக்குச் செய்தி தெரிந்தது. ஆயா ஏழு மணிக்குப் பேரப்பிள்ளைகளோடு ஒரு செபமாலை சொல்வார். இரவு பத்தரைக்கு, மகன் கைகால் கழுவி வந்ததும், அவனோடு இன்னொன்று. அதன் பிறகே சோறு போடுவார். பல ஆண்டுகள் இப்படி நடந்திருக்கிறது. குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் இறையியல் படித்த நாம், ஆலைச் சங்கை மறந்துவிட்டுப் பிரசங்கம் செய்தோம். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் சங்கையும் செபத்தையும் சேர்த்து வைத்தார். அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்தே நம் சொல்லைத் திருத்திக்கொண்டோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களுக்கும் இப்படி ஒரு பாட்டி இருந்தார். பெயர் ரோசா. இத்தாலி நாட்டவர். 1927-இல் பிரேசில் கரையருகே மூழ்கி, முந்நூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கப்பலில் செல்லவேண்டியவர்கள் அக்குடும்பத்தார். சொத்தை விற்கத் தாமதமானதால் பிழைத்தார்கள். 1929-இல் வேறொரு கப்பலில் அர்ஜென்டினா போய் இறங்கியபோது, அங்கே கொளுத்தும் கோடை. ரோசா அம்மாள் தம் மேலங்கியைக் கழற்றவில்லை. குடும்பத்தின் பணம் முழுவதும் அதன் உள்ளே தைக்கப்பட்டிருந்தது! பிழைப்புத் தேடி ஊர்விட்டு வந்த நம் குடும்பங்களுக்கு இது புதிய கதையல்ல.

தமக்கு செபிக்கக் கற்றுத்தந்தவர் இந்தப் பாட்டியே என்று திருத்தந்தை பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய வெள்ளி மாலையில் மரித்த ஆண்டவரின் சுரூபத்தின் முன் பிள்ளைகளை முழந்தாளிடச் செய்து, இவர் இன்று இறந்திருக்கிறார், நாளை உயிர்த்தெழுவார் என்று சொல்லிக்கொடுப்பாராம். பேரப்பிள்ளைகளுக்கு அவர் எழுதிவைத்த ஒரு கடிதத்தைத் திருத்தந்தை தம் கட்டளைச் செபப் புத்தகத்திலேயே வைத்திருந்தார். துன்பமோ நோயோ அன்பானவரின் பிரிவோ நேரும்போது நற்கருணைப் பேழையின் முன் ஒரு பெருமூச்சு விடுங்கள், சிலுவையடியில் நின்ற மாதாவை ஒருமுறை நோக்குங்கள், காயத்தில் தைலம் விழும் என்பது அதன் கருத்து. ரோசா அம்மாள் 1974-இல் இறந்தார். விசுவாசம் வீட்டுப் பேச்சு மொழியில்தான் கைமாறுகிறது என்று 2018-இல் திருத்தந்தை கூறினார். தாத்தா பாட்டியருக்கென உலக நாள் ஒன்றையும் 2021-இல் ஏற்படுத்தினார்.

புனித பவுலும், தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவர் பாட்டி லோயியிடமும், பிறகு தாய் யூனிக்கியிடமும் குடிகொண்டிருந்தது என எழுதுகிறார். பாட்டி, தாய், பிள்ளை: மூன்று கண்ணிகள். நடுக்கண்ணி அறுந்தால் என்ன ஆகும்?

ஆயா இறந்த அன்று இரவு இந்தக் கேள்வி நம் முன் வந்து நின்றது. உடலைச் சுற்றி அமர்ந்து செபமாலை தொடங்கினோம். முதல் தேவ இரகசியத்தை உபதேசியார் சொன்னார். இரண்டாவதைப் பேரப்பிள்ளைகளில் ஒருவர் சொல்லட்டும் என்றோம். நன்கு படித்த பிள்ளைகள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் வரவில்லை. சற்று நேரம் வீடு அமைதியாய் இருந்தது. அப்போது அடுப்படி வாசலிலிருந்து ஒரு குரல் தொடர்ந்தது. ஆயாவின் மருமகள். திருமணத்தின்போதுதான் ஞானஸ்நானம் பெற்றவர். மாமியாரோடு அரிசி களைந்துகொண்டே செபங்களைக் கற்றவர். மீதி நான்கையும் அவரே தவறில்லாமல் சொல்லி முடித்தார். ஆயா சொல்லும் அதே இழுவை, அதே உச்சரிப்பு!

அன்று நாம் ஆறுதலும் அச்சமும் ஒருங்கே அடைந்தோம். ஆயாவின் செபம் அவரோடு புதைக்கப்படவில்லை என்பது ஆறுதல். அது அந்த ஒரு தாயோடு நின்றுவிடுமோ என்பது அச்சம். அந்த வீட்டைக் குறைசொல்ல வேண்டாம். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளால் ஐந்து தேவ இரகசியங்களைச் சொல்ல முடியும்?

ஆகவே அன்பார்ந்தவர்களே, யூபிலிக் காணிக்கையாக ஒன்று கேட்கிறோம். நாளுக்குப் பத்துமணி செபம் போதும். எந்த ஷிப்ட் ஆனாலும், வீட்டார் ஒன்றுகூடும் நேரமே செப நேரம். பிள்ளை ஒருவர் முன்நின்று சொல்லட்டும். பாட்டி இருந்தால் அவர் அருகில் உட்காரட்டும். பாட்டி இல்லாத வீடுகளுக்கு நாமே வருகிறோம், இரவு பத்தரை மணியானாலும். மாதா தூங்கிவிட மாட்டார்கள்.

எண்பத்து நான்கு வயது வரை கைம்பெண்ணாய்க் கோவிலை விட்டு நீங்காதிருந்த அன்னா, குழந்தை இயேசுவைக் கண்களாரக் கண்டார். நம் ஆயாவும் அவரை முகமுகமாய்க் காண்பாராக. எல்லாம் வல்ல இறைவன் அவருக்கு நித்திய இளைப்பாற்றி அருள்வாராக. ஆமென்.