பஞ்சம் கடந்த விசுவாசம்: பண்டித ரமாபாய் காட்டும் வழி



மறைந்தவர் ஒருவரின் பெயரால் கூடியிருக்கும் அவை இது. துன்பத்தையும் விசுவாசத்தையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. துக்க வீட்டுக்குப் போகும் நம்மிடம் சில சொற்கள் ஆயத்தமாக இருக்கின்றன. ஆண்டவர் சோதிக்கிறார் என்கிறோம்; எல்லாம் நன்மைக்கே என்கிறோம்; கஷ்டம் வந்தால்தான் கடவுள் நினைப்பு வரும் என்றும் சொல்கிறோம். சொல்பவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்தச் சொற்களுக்கு அடியில் ஒரு கோட்பாடு இருக்கிறது: துன்பமே விசுவாசத்தை விளைவிக்கும் என்பது. இந்தக் கோட்பாடு தவறு என்பதே இன்றைய உரையின் மையக் கருத்து. துன்பம் விசுவாசத்தைத் தருவதில்லை. பல வேளைகளில் இருந்த விசுவாசத்தையும் பறித்துக்கொண்டு போகிறது. துன்பப்பட்டவர் தம் கேள்வியைக் கடவுளிடமே நேரடியாகக் கேட்கும் உரிமையைப் பெறும்போதும், அடுத்தவர் துன்பத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் கடமையை ஏற்கும்போதும்தான் கிறிஸ்தவ விசுவாசம் பலமாக மாறுகிறது. இதற்குச் சான்றாகப் பண்டித ரமாபாயின் வாழ்வை எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். அன்றாடத் தமிழில் விசுவாசத்துக்கும் நம்பிக்கை என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் நம் திருச்சபைகளில் நெடுங்காலமாக வாசிக்கப்படும் தமிழ் வேதாகமம் இரண்டையும் பிரித்தே ஆள்கிறது. கடவுள்மேல் வைக்கும் பற்றுக்கு விசுவாசம் என்றும், வரப்போகும் நன்மையை எதிர்நோக்கும் மனநிலைக்கு நம்பிக்கை என்றும் பெயர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் பவுல் உபத்திரவத்தில் தொடங்கி, பொறுமை வழியாக, நம்பிக்கையில் போய் முடிக்கும் ஒரு படிவரிசையைக் காட்டுகிறார். அந்த அதிகாரம் தொடங்குவதோ விசுவாசத்தில். அதாவது, ஏற்கெனவே பற்றியிருக்கும் ஒருவரிடம் உபத்திரவம் என்ன செய்கிறது என்பதைத்தான் பவுல் பேசுகிறார். பற்று இல்லாதவரிடம் உபத்திரவம் பற்றை உண்டாக்கும் என்று அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாடு மறந்துபோனால், வாடி நிற்பவரிடம் நாம் சொல்லும் ஆறுதல் அவர்மேல் சுமத்தும் குற்றச்சாட்டாகிவிடும்: இவ்வளவு கஷ்டம் வந்தும் உனக்கு விசுவாசம் வரவில்லையே என்று.

இனி ரமாபாயின் வாழ்வைக் காண்போம். அவர் 1858இல் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, தம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகவே எதிர்ப்பைச் சந்தித்தவர். குடும்பம் தீர்த்தத் தலங்கள்தோறும் நடந்து, புராணம் வாசித்து, கிடைத்ததில் வாழ்ந்தது. 1870களின் நடுவில் தென்னிந்தியாவைப் பஞ்சம் பீடித்தபோது கையிருப்பு தீர்ந்தது. ரமாபாய்க்குப் பதினாறு வயதை ஒட்டிய அந்தக் காலத்தில் தந்தை, தாய், அக்கா மூவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் வடக்கே ஆயிரக்கணக்கான மைல் நடந்தே அலைந்தார்கள். 1878இல் கல்கத்தா அறிஞர்கள் ரமாபாயின் சமஸ்கிருதப் புலமையைக் கண்டு பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களை அளித்தார்கள். 1880இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் ரமாபாய் விபின் பிஹாரி மேதவி என்ற வங்க வழக்கறிஞரைச் சாதி கடந்து மணந்தார். மகள் மனோரமா பிறந்து ஓராண்டுகூட முடியாத நிலையில், 1882 பிப்ரவரியில் கணவரும் காலராவில் இறந்தார். இருபத்து நான்கு வயது நிறைவதற்குள் ஒரு கைக்குழந்தையைத் தவிர சொந்தம் என்று சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

துன்பம் விசுவாசத்தை விளைவிக்கும் என்றால் இங்கே அது முளைத்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. நோன்பும் தானமும் தீர்த்தயாத்திரையும் ஒன்று விடாமல் செய்த குடும்பம் பட்டினியில் அழிந்ததைக் கண்ட அண்ணன் தங்கை இருவருக்கும் தாங்கள் பற்றியிருந்தது தளர்ந்துபோனது. இதைச் சமயங்களை எடைபோடும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அதே பஞ்சத்தில் தம் தெய்வத்தின் கையை விடாமல் பிடித்துக்கொண்டே தாக்குப்பிடித்தவர்கள் எண்ணற்றவர்கள். துன்பம் எந்தச் சமயத்தவரிடமும் விதைப்பதைக் காட்டிலும் பறிப்பதே அதிகம் என்பதற்கு மட்டுமே இது சான்று. 1883இல் ரமாபாய் இங்கிலாந்து சென்று, வான்டேஜ் நகரில் ஆங்கிலிக்கன் கன்னியர் இல்லத்தில் தங்கினார். உடன் சென்ற தோழி ஆனந்திபாய் பகத், அந்நிய மண்ணில் மனமுடைந்து தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இருவரும் ஒரே இல்லத்தில் தங்கியவர்கள், ஒரே பரிவைப் பெற்றவர்கள். ஒருவர் தாங்கினார், மற்றவரால் இயலவில்லை. இந்த வேறுபாட்டை ஒருவரின் பக்தியையோ மற்றவரின் பலவீனத்தையோ கொண்டு விளக்க முற்படுவது அந்தத் தோழிக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

1883 செப்டம்பரில் ரமாபாயும் குழந்தையும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அவரை ஈர்த்தவை எவை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். சமூகம் கெட்டவர்கள் என்று ஒதுக்கிய பெண்களை லண்டனின் ஃபுல்ஹம் பகுதியில் கன்னியர்கள் அன்போடு பராமரித்ததை அவர் கண்டார். இதைச் செய்யத் தூண்டியது எது என்று கேட்டபோது, யோவான் நான்காம் அதிகாரத்தில் இயேசு கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு பேசிய நிகழ்ச்சியை வாசித்துக் காட்டினார்கள். தம் துக்கத்துக்கு ஆறுதலாக ஒரு வசனம் கிடைத்ததால் அவர் திரும்பவில்லை. பிறர் துக்கத்தின் அருகே போய் நின்றவர்களைக் கண்டதால் திரும்பினார். அதன் பிறகும் அவர் தலையாட்டி ஏற்றவர் அல்லர். திரித்துவம், திருச்சபையின் அதிகாரம் ஆகியவை பற்றித் தம் ஞானத்தாயான சகோதரி ஜெரால்டினோடும், செல்டன்ஹாம் மகளிர் கல்லூரித் தலைவி டொரோதியா பீலோடும் ஆண்டுக்கணக்கில் கடிதங்களில் வாதாடினார். அணியும் சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதம் ஆகாதா என்று கேட்டார். உள்ளம் முழுமையாகக் கிறிஸ்துவில் நிலைகொண்டது ஏறத்தாழ 1891இல் என்பது அவருடைய சாட்சி. அதுவரை தமக்குக் கிறிஸ்தவ சமயம் கிடைத்திருந்தது, கிறிஸ்து கிடைக்கவில்லை என்ற கருத்தில் எழுதுகிறார். குடும்பச் சாவுகளுக்கும் அந்த நிலைபேற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் இருக்கின்றன. அந்த இடைவெளியை நிரப்பியது கேள்வி.

கேள்வி கேட்பது விசுவாசக் குறைவு அல்லவா என்று சபைகளில் சிலர் தயங்குவதுண்டு. வேதாகமமே இதற்குப் பதில். யோபுவின் நண்பர்கள் துன்பத்துக்குக் காரணம் காட்டி அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள். யோபு கடவுளையே வழக்குக்கு அழைக்கிறான். நாற்பத்திரண்டாம் அதிகாரத்தில் கடவுள் கடிந்துகொள்வது காரணம் காட்டிய நண்பர்களை. சரியாகப் பேசியவன் என்று ஏற்பது முறையிட்ட யோபுவை. 150 சங்கீதங்களில் மிகப் பெரிய தொகுதி முறையீடுகளே. அவற்றுள் 88ஆம் சங்கீதம் முறையீட்டில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரி ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்று தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. சீலோவாம் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றே இயேசு சொல்கிறார். பிறவிக் குருடன் விஷயத்தில் யார் செய்த பாவம் என்ற சீடர்களின் கேள்வியை ஒதுக்கிவிட்டு அவனுக்குப் பார்வை தருகிறார். சிலுவையிலோ, கைவிடப்பட்டவனின் கேள்வியைத் தம் வாயாலேயே கேட்கிறார். கடவுளின் குமாரனே கேட்ட கேள்வியை அடியார்கள் கேட்கக் கூடாது என்று எந்தப் போதகரும் தடைபோட முடியாது. துன்பத்துக்கு முழு விளக்கம் தருவதாகக் கிறிஸ்தவம் வாக்களிக்கவில்லை. முறையிடுபவர் தனியாக இல்லை என்பதே அதன் வாக்கு.

கேள்வி பாதி வழிதான். மீதி வழியை 1896 காட்டியது. ரமாபாய் 1889இல் இளம் விதவைகளுக்காகப் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனம் அப்போது புனேயில் நடந்துகொண்டிருந்தது. மத்திய மாகாணங்களில் பஞ்சம் தலைகாட்டியதும் அவர் அங்கே சென்று, ஆதரவற்ற சிறுமியரையும் பெண்களையும் நூற்றுக்கணக்கில் அழைத்துவந்தார். 1897இல் எழுதிய பஞ்ச அனுபவங்கள் பற்றிய சிறுநூலில், தம் இளமைப் பட்டினியையும் இந்தப் பயணத்தையும் சேர்த்தே பேசுகிறார். பசித்த கண்ணை அடையாளம் காணப் பசித்தவருக்குத்தான் தெரியும். புனே அருகே கேட்காவில் முக்தி இல்லம் எழுந்தது. 1900இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். நெசவு, எண்ணெய் ஆட்டுதல், பால் பண்ணை, அச்சகம், பார்வையற்றோருக்குப் புள்ளி எழுத்துக் கல்வி என ஒவ்வொருவர் கைக்கும் ஒரு தொழில். தாம் பெற்ற ஆறுதலைக் கொண்டே பிறரைத் தேற்ற வேண்டும் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான உரை தேவையில்லை. பலம் முதலில் வந்து, பணி பிறகு தொடங்கவில்லை. பணிக்குள்தான் பலம் பிறந்தது.

இதற்கு எதிராக எழும் மறுப்புகளை நேர்மையாக எதிர்கொள்வோம். முதல் மறுப்பு: பசித்தவருக்குச் சோறு போட்டு மதம் மாற்றுவது விசுவாசமா? தமிழ்நாட்டிலும் இது பழைய கேள்வி. 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் திருநெல்வேலிச் சீமையில் பெருந்திரளானோர் சபையில் சேர்ந்தார்கள். இந்த மறுப்பை உதறித் தள்ளக் கூடாது. பசியில் இருப்பவரின் சம்மதம் முழுச் சுதந்திரமான சம்மதம் அன்று. மதச் சார்பின்றி நடக்கும் என்று சொல்லித் தொடங்கிய சாரதா சதனத்தில் மாணவியர் கிறிஸ்தவத்தை நாடியபோது, 1893இல் ரானடே, பண்டார்கர் போன்ற ஆதரவாளர்கள் விலகினார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருந்தது. ஆனால் ரமாபாயின் சொந்த விசுவாசத்தை இந்த மறுப்பு தொடாது. ஞானஸ்நானம் பெற்றபோது அவர் நாடறிந்த பண்டிதை. அதனால் அவருக்குச் சோறு கிடைக்கவில்லை, பெற்றிருந்த மதிப்பில் பெரும்பகுதி போயிற்று. ஆகவே இம்மறுப்பு நமக்குக் கற்பிப்பது ஓர் ஒழுக்கம்: உதவிக்கு விலையாக விசுவாசத்தைக் கேட்கக் கூடாது. சமாரியன் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் சமயம் எது என்று கேட்டதாக இயேசுவின் உவமையில் இல்லை.

இரண்டாவது மறுப்பு, விசுவாசம் வலியை மரக்கச் செய்யும் அபின் என்பது. 1844இல் மார்க்ஸ் அவ்வாறு எழுதிய அதே இடத்தில், அதை ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சாகவும் கண்டார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். போராடும் ஆற்றலை உறங்கச் செய்யும் பக்தி உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவ முகாம்களில் பெண்கள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டித்து ரமாபாய் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஆண்டது கிறிஸ்தவ அரசு. எழுதியவர் வெளிநாட்டுக் கிறிஸ்தவர்களின் நன்கொடையை நம்பி இல்லம் நடத்தியவர். முறையீட்டைக் கடவுளிடமே கொண்டுசெல்லப் பழகிய நாவுக்கு ஆட்சியாளரிடம் முறையிட அச்சம் இருப்பதில்லை. அபின் இவ்வாறு பேசாது.

மூன்றாவது மறுப்பே மிகக் கடுமையானது. அது சபைக்குள்ளிருந்தே, குறிப்பாகப் பெண்களிடமிருந்தும் சாதிக் கொடுமைக்கு ஆளானவர்களிடமிருந்தும் வருகிறது. பொறுத்துக்கொள், சிலுவையைச் சும என்று அவர்களுக்கே ஏன் எப்போதும் போதிக்கிறீர்கள்? அடிக்கும் கணவனுக்கும் இழிவுபடுத்தும் ஊருக்கும் சிலுவை போதிக்கப்படுவதில்லையே? இந்தக் குற்றச்சாட்டை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். தீரா நோயும் சாவும் போலத் தவிர்க்க இயலாத துன்பம் வேறு. மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமை வேறு. பவுல் தம் உடலில் இருந்த முள்ளை நீக்கும்படி மூன்று முறை வேண்டி, அது நீங்காதபோது கிருபையைப் பற்றிக்கொண்டார். அதே பவுல், ரோமக் குடிமகனான தம்மைச் சவுக்கால் அடிக்க முற்பட்டபோது, தம் சட்ட உரிமையை எடுத்துரைத்தார். ரமாபாய் எந்த விதவையிடமும் உன் தலைவிதியைச் சுமந்துகொள் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்தார், எழுத்தைக் கற்பித்தார், கையில் தொழிலைக் கொடுத்தார். இயேசு சிலுவையைச் சுமக்க அழைத்தது தம்மைப் பின்பற்றுவோரை. பிறர்மேல் அதை ஏற்றிவைக்கும் அதிகாரத்தை யாருக்கும் கொடுக்கவில்லை.

ரமாபாயின் கடைசி ஆண்டுகளிலும் துன்பம் ஓய்ந்துவிடவில்லை. 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். இளமை முதல் எஞ்சியிருந்த ஒரே சொந்தம் அவர். அடுத்த ஏப்ரலில், 1922இல், ரமாபாயும் மறைந்தார். அந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் கைகளில் இருந்தது வேதாகமத்தின் மராத்தி மொழிபெயர்ப்பு. எபிரெயத்தையும் கிரேக்கத்தையும் அதற்கென்றே கற்று, நெடுங்காலம் உழைத்த பணி அது. அவர் மறைந்தபின் முழுமையாக நூலாயிற்று. சமஸ்கிருதத்தில் பட்டம் பெற்ற பண்டிதை அந்த மொழிபெயர்ப்பில் பண்டித நடையை வேண்டுமென்றே விலக்கி, கிராமத்துப் பெண்ணும் வாசித்துப் புரிந்துகொள்ளும் மராத்தியைத் தேர்ந்தார். அந்த நூலுக்குள் யோபு இருக்கிறான். 88ஆம் சங்கீதம் இருக்கிறது. சிலுவையில் எழுந்த கேள்வி இருக்கிறது. துன்பப்படும் பெண்களுக்கு அவர் விட்டுச்சென்றது துன்பத்துக்கான விளக்கம் அன்று. அதைக் கடவுளின் முன்னால் தம் சொந்த மொழியில் கேட்பதற்கான சொற்கள். அடுத்த முறை துக்க வீட்டுக்குப் போகும்போது நம் ஆயத்தச் சொற்களை வாசலிலேயே விட்டுவிட்டு, அழுபவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டு உடன் உட்கார்ந்திருப்போம். விசுவாசம் அங்கே வருமானால், அந்த அமைதிக்குள்தான் வரும்.