இத்தா நான்கு மாதம் பத்து நாள், வழக்குக்கு ஆறு மாதம்

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட சட்ட விளக்கக் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையிலிருந்து)

 

வக்கீல் வந்துவிட்டான், இனி செக்‌ஷன் நம்பராகக் கொட்டுவான் என்று பின்வரிசையில் சிலர் இப்போதே செருப்பைத் தேடுவது தெரிகிறது. பயப்படாதீர்கள். ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஜவுளிக் கடை ஒன்றில் வேலை பார்த்தவன். வயது 27. மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான தாய். முதலாளி கொடுத்த பார்சலை லாரி ஷெட்டில் போட இருசக்கர வண்டியில் போனான். லாரி மோதி அங்கேயே மௌத். முதலாளி நல்ல மனிதர். ஜனாஸா செலவை ஏற்றார், கையில் ஐம்பதாயிரம் கொடுத்தார். நஷ்டஈடு வழக்கு என்று யாரோ பேச்செடுத்தபோது, “பிள்ளை இத்தாவில் இருக்கிறாள், முடியட்டும்” என்றார்கள் பெரியவர்கள். இத்தா முடிந்தது. பிறகு வாரிசுச் சான்றுக்கு அலைந்தார்கள். பெண்ணின் தகப்பனார் என்னிடம் வந்தபோது ஆறு மாதமும் பத்தொன்பது நாளும் ஆகியிருந்தது.

பெரியவர்கள் மீது குற்றமில்லை. 1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி விபத்து வழக்குகளுக்கான காலக்கெடுவை எடுத்துவிட்டார்கள். எத்தனை வருடம் கழித்தும் மனு போடலாம் என்பதே அவர்கள் பார்த்த நடைமுறை. ஆனால் 2019 திருத்தத்தில் ஆறு மாதக் கெடு திரும்ப நுழைந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கும் வந்தது. நம் வீடுகளில் அந்த ஆறு மாதத்தில் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவிலேயே போய்விடுகிறது. மிச்சம் இரண்டு மாதம்கூட இல்லை!

இத்தாவில் இருக்கும் பெண் கோர்ட்டுக்கு வரவேண்டியதில்லை. வக்காலத்தை வீட்டிலேயே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். வாரிசுச் சான்றைப் பின்னால் கொடுத்தாலும் போதும். இன்னொன்றும் உண்டு. விபத்து அறிக்கையைப் போலீஸே மூன்று மாதத்துக்குள் தயாரித்துத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்று அதே திருத்தம் சொல்கிறது. ஸ்டேஷனில் போய், அனுப்பியாயிற்றா என்று கேட்க நம் இளைஞர்களில் இரண்டு பேர் போதாதா? 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கெடு தாண்டியது என்பதற்காக மனுவைத் தள்ளுபடி செய்யாதீர்கள் என்று ஓர் உத்தரவு போட்டது. அது இடைக்கால உத்தரவு. அதை நம்பிக் காலை நீட்டிப் படுத்துவிடாதீர்கள்.

வணிகப் பெருமக்களே, இனி உங்களிடம் வருகிறேன். அந்தப் பையனின் சம்பளம் மாதம் 12,000. உச்ச நீதிமன்றம் 2009இலும் 2017இலும் வகுத்துத் தந்த கணக்கின்படி, எதிர்கால உயர்வுக்கு நாற்பது சதவீதம் சேர்த்தால் 16,800. அவன் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு போக 12,600. பன்னிரண்டு மாதத்துக்கு 1,51,200. வயது 27 என்பதால் பதினேழால் பெருக்க வேண்டும்: 25,70,400 ரூபாய். சம்பளம் 12,000 என்பதற்கு என்ன ஆதாரம்? பதிவேடு இல்லை, சீட்டு இல்லை; கல்லாவிலிருந்து கையில் எடுத்துக் கொடுத்த பணம். ஆதாரம் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைக்கும். 8,000 என்று வைத்தால் 17,13,600. வித்தியாசம் எட்டரை லட்சத்துக்கு மேல்! உங்களிடம் நோட்டு இல்லாததால் இரண்டு எத்தீம் பிள்ளைகளுக்கு வரும் நஷ்டம் அது.

ஈ.எஸ்.ஐ. இல்லாத கடையில் வேலை நேரத்தில் விபத்து நடந்தால், தொழிலாளர் இழப்பீடு என்று முதலாளியிடமும் கேட்கலாம். ஆனால் இரண்டு வழியில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். பழைய 1923 சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் வந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், வேலையோடு தொடர்புபட்டு நடக்கும் விபத்தும் அதில் அடக்கம். இன்ஷூரன்ஸ் எடுத்து வையுங்கள். பிரீமியத்தை நினைத்துப் பெருமூச்சு விட வேண்டாம். விற்பனைப் பிள்ளைகள் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த திருத்தத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உட்காருவதற்கும் ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது!

இந்தப் பெண் வாரிசுச் சான்றுக்குப் போனபோது, திருமணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். அரசுப் பதிவு இல்லை. ஜமாஅத் தப்தரில் அவள் பெயர் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. அதற்கே மூன்று வாரம் போனது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009இல் வந்தபோது, தப்தர் இருக்கையில் இது எதற்கு என்று எனக்கும் தயக்கம் இருந்தது. இப்போது இல்லை. தப்தர் நம்முடையது, அது இருக்கட்டும். நிகாஹ் முடிந்து தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளரிடமும் போய்விடுங்கள். சென்ற பிறகு பெயர் எழுத்துகளைச் சரிபாருங்கள். குலா பற்றி 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், ஷரீஅத் கவுன்சில் சான்று செல்லாது, குடும்பநல நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சொன்ன தீர்ப்பையும் முத்தவல்லிமார்கள் அறிந்திருக்க வேண்டும். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

அந்தப் பையன் வழக்கில் மனு போட்டிருக்கிறோம். காலம் கடந்தது என்று இன்ஷூரன்ஸ் தரப்பு ஆட்சேபணை எழுதியிருக்கிறது. நாங்கள் போலீஸ் அறிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வாய்தா ஓடுகிறது.

அஸர் தொழுகைக்குப் பிறகு இங்கேயே இருப்பேன். வழக்கு உள்ளவர்கள் எஃப்.ஐ.ஆர். நகலும், விபத்து நடந்த தேதியும் கொண்டுவாருங்கள். தேதியைத்தான் முதலில் கேட்பேன்.