கருவாட்டுப் பெட்டியும் பறையும்

(மில்லர்புரத்தில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



துறைமுகத்து ஊரில் நின்று பேசுகிறேன். துறைமுகத்திலிருந்தே தொடங்குகிறேன்.

கியூபாவின் ஹவானா, மத்தான்சாஸ் துறைமுகங்களில் மூட்டை சுமந்த கறுப்பர்கள் கருவாடு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார்கள். அடிமையின் மேளத்தைக் கண்டு ஆண்டைகள் பயந்த காலம். மேளத்தைப் பிடுங்கலாம், பெட்டியைப் பிடுங்கினா சரக்கு எதுல ஏறும்? ரும்பா அங்கே வளர்ந்தது. 2016இல் யுனெஸ்கோ அதை மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கடலுக்கு இந்தப் பக்கம் பர்மிங்ஹாம். 1965இல் தகடு வெட்டும் தொழிற்சாலையில் டோனி அயோமிக்கு இரண்டு விரல் நுனி எந்திரத்தில் போச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். மெல்லிய கம்பி போட்டார். பிற்பாடு சுதியையும் இறக்கினார். 1970இல் பிளாக் சபாத்தின் முதல் இசைத்தட்டு. ஹெவி மெட்டலின் அந்தக் கனத்த ஒலியில் ஒரு தொழிலாளியின் வெட்டுப்பட்ட விரல் இருக்கிறது.

இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்தது பிரேசிலின் செபுல்துரா. 1996இல் ‘ரூட்ஸ்’. சவாந்தே பழங்குடிகளின் ஊருக்கே போய் அவர்களோடு சேர்ந்து பதிவு செய்தார்கள். பாஹியாவின் தாளக்காரர் கார்லினோஸ் பிரவுனும் வந்தார். அங்கே தாளம் ஓரத்து அலங்காரமில்லை.

இதெல்லாம் நமக்கு எதுக்கு?

எங்கப்பா பறையைத் தொடமாட்டேன்னு சொல்லிட்டு ஊரைவிட்டு வந்தவர். சாவுக்கு அடிச்சா நெல்லு, அடிக்கலேன்னா அடி. அவர் அடிக்காததால் நான் படித்தேன். வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பொங்கல் விழாவில் கூட வேலை பார்ப்பவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒங்களுக்குத்தான் தெரியுமே, ரெண்டு தட்டு தட்டுங்க.” எனக்குத் தெரியாது. அது என் அப்பாவின் வெற்றி. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அது என் இழப்பும்கூட.

2018 ஜனவரி 6. சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதன்முதலாக மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதர். கானா, ராப், ராக் கிடார், நடுவே பறை. யார் வீட்டுப் பிணத்துக்காகவும் அல்ல, தன் பேச்சைத் தானே பேச அது முழங்கியது.

ஆனாலும் எச்சரிக்கை வேண்டும். கலந்தாலே விடுதலை வந்துவிடாது. சுவரொட்டியில் கிடார்காரர் பெயரும் பறைக்காரருக்கு ‘குழுவினர்’ என்ற பட்டமும் இருந்தால், அது பழைய சேரி. மின்விளக்கு மட்டும் புதுசு. மூன்று கேள்வி கேளுங்கள்: பெயர் யாருக்கு? கூலி எவ்வளவு? வேகத்தை யார் தீர்மானிப்பது? பறையைத் தீயில் காய்ச்சி எடுக்கப் பொறுமையில்லாத மேடையில் நமக்கு வேலையில்லை.

கடைசியாக ஒன்று. எம்மக அடுத்த மாசம் பறை கத்துக்கப் போறா. அப்பாகிட்டச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம் கேட்டார்:

“யாரு கூப்பிட்டா போயி அடிப்பா?”

“யாரு கூப்பிட்டாலும், போறதும் போகாததும் அவ இஷ்டம்பா.”

“அப்பம் சரி” என்றார்.