மாவும் மழலை விரலும்

ஆவணி மாதம் பிறந்ததும் தில்லித் தமிழர் இல்லங்களில் ஒரு சிறு கவலை தலைகாட்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு வேண்டிய பச்சரிசி மாவைக் குறித்த கவலை அது. கோதுமை அரைக்கும் சக்கியில் அரிசியை அரைத்துத் தரக் கடைக்காரர் எளிதில் இசைவதில்லை. அவரை இசைவித்து, மாவைக் கொணர்ந்து, கிளறி இறக்கிவிட்டால் பண்டிகை பாதி முடிந்தது போலத்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு சதுர்த்தியில் நாம் கற்ற பாடத்தையே இன்று கூற விழைகிறோம். நம் இளைய மகளுக்கு அப்போது நான்கு வயது. அவள் சென்றுவந்த மழலையர் பள்ளி, நான்கு கோட்டு ஏட்டில் நாள்தோறும் ஒரு பக்கம் எழுதிவரப் பணித்திருந்தது. பென்சிலை உள்ளங்கை முழுவதாலும் இறுகப் பற்றுவாள். அரைப் பக்கம் நிரம்புமுன் கையை உதறுவாள். அலுவலகத்தில் பகலெல்லாம் பிறர் வாக்கியங்களைத் திருத்திப் பழகிய நாம், மாலையில் அவள் எழுத்தைத் திருத்தினோம். ஒரு நாள் பென்சிலைக் காணவில்லை. அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அதற்காகவும் கடிந்துகொண்டோம்.

கும்பகோணத்திலிருந்து வந்திருந்த நம் அன்னையார் ஒன்றும் சொல்லவில்லை. சதுர்த்தியன்று ஆறிய மாவில் ஓர் உருண்டையைப் பேத்தியின் கையில் கொடுத்து, "அழுத்திப் பிடியடி, கண்ணே" என்றார். ஐந்து விரலும் பதிந்து பிடிகொழுக்கட்டை வந்தது. அடுத்து, மாவைக் கிள்ளி உள்ளங்கையில் உருட்டி மணிக்கொழுக்கட்டை செய்யச் சொன்னார். அதன்பிறகே மோதகத்துக்குச் சொப்புச் செய்யக் காட்டினார். கட்டைவிரலால் குழித்து, மற்ற விரல்களின் நுனியால் ஓரத்தை மெலிதாக்கித் திருப்பிக்கொண்டே வரவேண்டும். சொப்பு நான்கு முறை கிழிந்தது. அவள் ஒருமுறையும் கையை உதறவில்லை.

இவ்வரிசையைக் கவனியுங்கள். முதலில் முழுக் கை, பிறகு உள்ளங்கை, இறுதியில் விரல்நுனி. குழந்தையின் கை வளர்வதும் ஏறத்தாழ இம்முறையில்தான். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளும் பிறப்பின்போது வெறும் குருத்தாகவே இருக்கின்றன. அவை ஒன்றன்பின் ஒன்றாக எலும்பாகின்றன. கடைசி எலும்பு உருவாக எட்டு வயதுக்கு மேலும் ஆவதுண்டு. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் எழுதுகோலைப் பற்றும் பிடி பெரும்பாலும் நான்கு, ஐந்து வயதளவிலேதான் அமைகிறது. இத்திறனை ஆங்கில நூல்கள் குறிக்கும் தொடருக்கு 'நுண்தசை இயக்கத் திறன்' என்று நாமே மொழிபெயர்த்ததுண்டு. அன்னையாரோ, "இப்போது விரல் சொன்னபடி கேட்கிறது" என்றார். நம் தொடரைவிட அதுவே தெளிவு.

1939-ஆம் ஆண்டு சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும், எழுதத் தொடங்குமுன் கையைப் பழக்கவேண்டும் என்னும் கொள்கையினர். 3 முதல் 8 வயது வரையுள்ளோர்க்கென 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் வெளியான தேசியப் பாடத்திட்ட வரைவும் விளையாட்டையே கல்வியின் வழியாகக் கொள்கிறது. எனினும் பெற்றோர் கேட்பது எழுதி நிரப்பிய ஏட்டைத்தான். நாமும் அதைத்தான் கேட்டோம்.

பண்டிகையை முன்னிட்டு மாவைக் குழந்தைகளிடம் கொடுப்பது நம்மவர்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் சின்சினாட்டி நகரின் ஒரு தொழிற்சாலை, நிலக்கரிப் புகை படிந்த சுவர்த்தாளைத் துடைக்க ஒருவகைப் பசைமாவு செய்து வந்தது. நிலக்கரி அடுப்புகள் மறையவே வாணிபம் நலிந்தது. அக்குடும்பத்து உறவினரான கே சூஃபால் என்னும் மழலையர் பள்ளி ஆசிரியை, அம்மாவைக் கொண்டு தம் மாணவரைக் கிறிஸ்துமஸ் அணிகள் செய்யவைத்தார். 1956-ஆம் ஆண்டில் அது 'பிளே-டோ' என்னும் பெயருடன் கடைக்கு வந்தது. சுவர் துடைக்கும் பொருள் உலகெங்கும் விளையாட்டுப் பொருளான கதை இது.

அதை விலைகொடுத்து வாங்கவேண்டியதில்லை. இரண்டு கிண்ணம் மைதா, ஒரு கிண்ணம் பொடி உப்பு, ஒரு கரண்டி எண்ணெய், முக்கால் முதல் ஒரு கிண்ணம் நீர். சப்பாத்தி மாவினும் சற்றுக் கெட்டியாகப் பிசையுங்கள். மஞ்சள்தூளும் பீட்ரூட் சாறும் நிறம் தரும். தீபாவளிக்கு அகல் செய்யட்டும்: கட்டைவிரலால் குழித்து, ஒரு முனையைக் கிள்ளித் திரிமூக்கு இழுத்தால் போதும். அது பார்வைக்கு மட்டுமே. ஏற்றுவதற்கு உத்தம் நகர்க் குயவர் வனைந்த அகல் இருக்கவே இருக்கிறது. பொங்கலுக்குப் பானையும், மாவைக் கயிறாகத் திரித்துக் கரும்பும், கிறிஸ்துமஸுக்கு விண்மீன். உப்பு மிகுதியாதலால் குழந்தை இதை உண்ணாதவாறு அருகிலிருந்து பார்த்துக்கொள்ளல் வேண்டும். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு அரிசி மாவே தகும். மழைக்காலத்தில் உப்பு ஈரத்தை இழுத்து உருவம் நெகிழும். ஐப்பசி வெயிலில் நன்கு உலரும்.

ஒன்று மட்டும் வற்புறுத்துவோம். குழந்தை செய்ததை வாங்கிச் சீர்ப்படுத்தாதீர்கள். நம் கை அன்று பழக்கதோஷத்தால் நீண்டது. மகள் பிடித்த மஞ்சள் பிள்ளையாருக்குத் தும்பிக்கை இல்லை. அதை ஒட்டவைக்க முனைந்தோம். "அவர் தூங்குகிறார், சுருட்டி வைத்திருக்கிறார்" என்று தடுத்துவிட்டாள். பூசை அப்பிள்ளையாருக்கே நடந்தது. பென்சில் மார்கழி வரை அலமாரிக்குப் பின்னாலேயே கிடந்தது; பிறகு அவளே எடுத்துவந்தாள்.