நேரத்தை மறந்த கணிப்பொறி



கோடை விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது, நம்மில் பலர் மெயின் ஸ்விட்சை அணைத்து வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவது வழக்கம். ஒரு மாதம் கழித்துத் தில்லிக்கோ மும்பைக்கோ திரும்பி மேஜைக் கணிப்பொறியை இயக்கினால், சில வேளை அது பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தேதியைக் காட்டும். வங்கியின் வலைத்தளத்தைத் திறக்கப் போனால், பாதுகாப்பற்றது என்று தடுத்துவிடும். "இதற்கு வயதாகிவிட்டது, விற்றுவிடலாம்" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். அது அவசர முடிவு. குறை பெரும்பாலும் காசளவுள்ள ஒரு சிறு பாட்டரியில்தான் இருக்கும்.

அந்தப் பாட்டரிக்கு அங்கே என்ன வேலை? 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணிப்பொறி, இயக்கும்போதெல்லாம் தேதி என்ன, மணி என்ன என்று உரியவரையே கேட்கும். மின்சாரம் நின்ற பிறகும் ஓடும் கடிகாரம் அதில் இல்லை. 1984-இல் வந்த ஏ.டி. என்னும் மாதிரியில்தான், பாட்டரியால் ஓடும் கடிகாரத்தை உள்ளேயே அமைத்தனர். இன்றைய கணிப்பொறியிலும் அந்த ஏற்பாடே தொடர்கிறது. ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். அதுவே ஒரு விநாடி.

சுவரில் மின்சாரம் இருக்கும் வரையில், கணிப்பொறியை நிறுத்தி வைத்திருந்தாலும், அந்தக் கடிகாரம் பொதுவாக மின்சாரத்திலேயே ஓடும், பாட்டரிக்கு ஓய்வு. மெயின் ஸ்விட்சை அணைத்ததும் முழுப் பாரமும் பாட்டரியின் மேல் விழுகிறது. அதனால்தான் தளர்ந்த பாட்டரியின் குறை பூட்டிய வீட்டில் வெளிப்படுகிறது.

தேதி தவறினால் என்ன என்று கேட்கலாம். பாதுகாப்பான வலைத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழை வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணிப்பொறி அதற்கு முந்திய ஆண்டில் நின்றுகொண்டிருந்தால், அந்தச் சான்றிதழை அது ஏற்காது. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு வேறொரு தொல்லையும் புலனாகிறது. ஒரே வரைவின் இரண்டு படிகளில் எது பிந்தியது என்பதைத் தேதியைக் கொண்டே அறிகிறோம். தேதி பொய்யானால், திருத்திய படியின் மேல் திருத்தாத படி ஏறிவிடும்.

பாட்டரியை மாற்றுவது எளிது. பெரும்பாலும் இதன் பெயர் சி.ஆர். 2032. அந்த எண்ணே அளவைச் சொல்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர். மின்னழுத்தம் 3 வோல்ட். 2025 என்பது அகலத்தில் ஒன்றேயாயினும் கனத்தில் மெலிந்தது, அதை வாங்கலாகாது.

முதலில், வட்டு பூட்டெழுத்தில் காக்கப்பட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தேடி எடுத்து வையுங்கள். பாட்டரி மாறியதும் சில இயந்திரங்கள் அதைக் கேட்கக்கூடும். எண் இல்லையேல் கோப்புகள் கைக்கு எட்டாமல் போகும். தொடக்க அமைப்புத் திரைகளையும் படம் பிடித்துக்கொள்க. பின் இயந்திரத்தை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, இயக்கும் பொத்தானைச் சில விநாடி அழுத்துக. பக்கப் பலகையைக் கழற்றி, கூட்டின் வர்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டால், உடலிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். பாட்டரி எந்தப் பக்கம் மேலாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, பிடிப்பை மெல்லத் தள்ளுங்கள். அது தானே எழும்பும். புதியதையும் அதே பக்கம் மேலாக வையுங்கள். உலோக இடுக்கி வேண்டாம். மூடி, இயக்கி, தேதியையும் நேரத்தையும் திருத்தி, மற்ற அமைப்புகளைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேலை முடிந்தது. பாட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால், தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நன்று.

இனிச் சொல்லப்போவது கணிப்பொறியைவிட முக்கியமானது. கழற்றிய பாட்டரியை மேஜைமேல் விட்டு வைக்காதீர்கள். கணிப்பொறிக்கு உதவாத பாட்டரியிலும் குழந்தைக்குத் தீங்கு செய்யும் ஆற்றல் மிச்சமிருக்கிறது. விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே சதை வெந்து புண்ணாகக்கூடும். ஐயம் தோன்றினாலே, வாந்தி எடுக்க வைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பழைய பாட்டரியின் இருபுறமும் ஒட்டும் நாடாவைச் சுற்றி, குழந்தைகள் கைக்கெட்டாமல் வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைப்பதே முறை. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகள் இத்தகைய சிறு பாட்டரிகளுக்கும் பொருந்தும். வீட்டுக் குப்பையோடு அவற்றைச் சேர்க்கலாகாது.

ஒரு பொருளைக் கழித்துவிடுவதற்கு முன், அதில் தளர்ந்தது எது என்று பார்ப்பது நம் வீடுகளில் பழகிய சிக்கனம். கணிப்பொறிக்கும் அந்த நியாயத்தை வழங்குவோம்.